யார் இறந்தார்கள் என்ற கேள்வி
அனர்த்த ஆய்வும் எமது கரையோரப் பெண்களும்

எங்கள் ஊரில் வயதானவர்களிடம் ஒரு கல்யாணம் எப்போது நடந்தது, ஒரு வீடு எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால் ஆண்டைச் சொல்லமாட்டார்கள். "சூறாவளிக்கு முந்தி" என்பார்கள், அல்லது "சூறாவளிக்குப் பிறகு" என்பார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய அந்தச் சூறாவளி 900க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. தென்னந்தோட்டங்கள் சரிந்தன, கூரைத் தகரங்கள் கத்திகளாகப் பறந்தன. எங்கள் வகுப்பில் படித்தவர்களில் பலர் அதற்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் பிறந்தவர்கள். சூறாவளிக் கதைகளைத் தாய்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். எங்கள் பிள்ளைகள் காலத்தை வேறு விதமாகப் பிரிக்கிறார்கள். அவர்களுக்குச் சுனாமிக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி.

இந்த நூற்றாண்டு மலரில் அதிபர்களின் வரலாற்றையும் கட்டடங்களின் வரலாற்றையும் விளையாட்டுக் கோப்பைகளின் வரலாற்றையும் தோழியர் பலர் எழுதியிருப்பார்கள். நாம் எழுத வந்தது ஒரு கேள்வியின் வரலாறு. பெரும் அனர்த்தம் ஒன்று நிகழ்ந்தபின் "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "யார் இறந்தார்கள்?" என்று கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள் கொழும்பிலிருந்து பணியாற்றிய இரண்டு பெண்களும் உண்டு. அவர்கள் தம் நூலை வெளியிட்டு அடுத்த ஆண்டே கடல் எங்கள் வாசலுக்கு வந்தது.

தோலில் எழுதப்பட்டிருந்த விடை

கேள்வியின் தொடக்கம் வங்காள விரிகுடாவின் மறுகரையில். 1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத் தீவுகளைப் பெரும் சூறாவளியும் கடற்பெருக்கும் மூடின. இறந்தோர் தொகை மூன்று இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அப்போது டாக்காவில் இருந்த கொலரா ஆராய்ச்சிக் கூடத்தின் வைத்தியர்களான அல்பிரட் சோமரும் ஹென்றி மோஸ்லியும் பாதிக்கப்பட்ட கிராமங்களில் இரண்டு தடவைகள் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அவர்களுடைய கட்டுரை 1972இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. விற்றமின் ஏ குறைபாட்டுக்கும் குழந்தை மரணங்களுக்கும் உள்ள தொடர்பைப் பிற்காலத்தில் நிறுவிய அதே சோமர்தான் இவர்.

ஆய்வு நடந்த பிரதேசத்தில் சராசரியாக நூற்றுக்கு 16.5 பேர் இறந்திருந்தனர். ஆனால் அந்தச் சராசரிக்குள் பெரிய வேறுபாடுகள் இருந்தன. சிறு பிள்ளைகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரே மிக அதிகமாக மாண்டிருந்தனர். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

உயிர் தப்பியவர்களைப் பரிசோதித்தபோது வைத்தியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பலருடைய நெஞ்சிலும் கைகளிலும் தொடைகளிலும் தோல் உரிந்த ஆழமான சிராய்ப்புகள் இருந்தன. இரவு முழுவதும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலைக்குத் தாக்குப்பிடித்ததால் வந்த காயங்கள் அவை. மருத்துவம் படித்தவர்கள் என்ற வகையில் அந்த விபரத்தை வாசித்துவிட்டு எம்மால் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. மரத்தைப் பிடிக்கப் பலம் இருந்தவர், மரத்தில் ஏறிப் பழகியவர், கையில் குழந்தை இல்லாதவர் தப்பினார். காயம் இருந்தவர் பிழைத்தவர். காயமே இல்லாமல் போனவர்களைப் பற்றி அந்தக் காயங்கள்தான் சாட்சி சொல்லின.

"இயற்கை" அனர்த்தமா?

1976இல் பிரித்தானியாவில் பிரட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓ'கீஃப், வெஸ்ற்கேற், விஸ்னர் என்னும் மூவர் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இயற்கை அனர்த்தம் என்ற சொல்லிலிருந்து இயற்கையை எடுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். புயலும் நிலநடுக்கமும் இயற்கையின் செயல்கள். ஆனால் அதே புயல் ஒரு கல்வீட்டையும் ஓர் ஓலைக்குடிசையையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. யார் எங்கே வாழ்கிறார், என்ன வீட்டில் வாழ்கிறார், யாருடைய சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் புயல் வருமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அந்த நலிவுநிலையும் இயற்கையின் ஆபத்தும் சந்திக்கும் இடத்தில்தான் அனர்த்தம் பிறக்கிறது.

இந்தக் கருத்தில் பெண்ணுக்கு உரிய இடம் கிடைக்க மேலும் காலம் எடுத்தது. 1991 ஏப்ரல் 29ஆம் திகதி வங்காளதேசத்தை மீண்டும் ஒரு சூறாவளி தாக்கியது. ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். 20 முதல் 44 வயது வரையானோரில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்திருக்க, ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. அந்த வயதில் ஒரு பெண் நோயாளியும் அல்ல, முதியவளும் அல்ல. அவளுடைய உடலில் காரணத்தைத் தேடிப் பயனில்லை. எச்சரிக்கை ஆண்கள் கூடும் சந்தைக்கு வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. கணவர் வரும்வரை வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அவள் காத்திருந்தாள். ஆண்கள் நிறைந்த புகலிடத்துக்குப் போகக் கூசினாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நனைந்த சேலையோடு ஓட வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் சேர்த்த காரணங்கள் இவை. ஒவ்வொன்றும் நல்ல பெண் ஒருத்திக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கப்படும் ஒழுக்கம் என்பதைக் கவனியுங்கள்.

கொழும்பில் எழுதப்பட்ட நூல்

1990களின் நடுப்பகுதியில் தென்னாசிய நாடுகளின் ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனத்தினரும் சேர்ந்து 'துரியோக் நிவாரண்' என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். அனர்த்தம் என்றால் நிவாரணப் பொதி என்றிருந்த பார்வையை மாற்றி, சாதாரண நாட்களிலேயே மக்களின் நலிவுநிலையைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. கொழும்பில் இயங்கிய ஐ.ரி.டி.ஜி. தென்னாசியா நிறுவனம் இதில் முக்கிய பங்கு வகித்தது. அங்கே பணியாற்றிய ஆய்வாளர் மாதவி மலல்கொட ஆரியபந்து. களனிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் பால்நிலைக் கற்கையும் கற்பித்த மைத்ரி விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. அனர்த்த முகாமைத்துவத்தில் பால்நிலைப் பரிமாணங்கள் பற்றித் தென்னாசியாவுக்கென எழுதப்பட்ட வழிகாட்டி அது.

அந்த நூலின் வாதத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஒன்று, ஆணும் பெண்ணும் ஒரே அனர்த்தத்தை ஒரே விதமாக அனுபவிப்பதில்லை. ஆகவே எச்சரிக்கை, மீட்பு, முகாம், இழப்பீடு, மீள்குடியேற்றம் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் "இது பெண்ணுக்கு எப்படி அமையும்?" என்று தனியே கேட்டாக வேண்டும். இரண்டு, பெண்ணைப் பாதிக்கப்பட்டவளாக மட்டும் பார்ப்பது தவறு. வரட்சிக் காலத்தில் தண்ணீரைப் பங்கிடுபவள் அவள். விதைநெல்லைப் பாதுகாப்பவள் அவள். வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்தப் பிள்ளை எங்கே என்பதை மனதில் வைத்திருப்பவளும் அவளே. இடரை முகாமை செய்வது அவளுக்கு அன்றாட வேலை. ஆனால் கிராமத்தில் அனர்த்தக் குழு அமைக்கும்போது அவளை அழைப்பதில்லை. சமைக்கும்போதுதான் அழைக்கிறார்கள்.

இரண்டாவது வாதமே ஆரியபந்துவின் தனிப் பங்களிப்பு என்று நாம் கருதுகிறோம். அதற்கு முன்னரே பெண்களை இடர் முகாமையாளர்கள் என்று பெயர் சொல்லி எழுதியவர் அவர். பின்னர் ஐக்கிய நாடுகளின் அனர்த்த இடர் குறைப்புச் செயலகத்திலும் பணியாற்றினார். பால், பால்நிலை, பால்நிலை உறவுகள் ஆகியவை அனர்த்தத்தில் எவ்வாறு செயற்படுகின்றன என்று 2009இல் வெளிவந்த சர்வதேசத் தொகுப்பு நூலில் அவர் எழுதிய அத்தியாயம் இத்துறை மாணவர்களால் இன்றும் வாசிக்கப்படுகிறது.

இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள், போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையில் ஒருவருக்கும் செய்தி வரவில்லை. இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகப் பெரிய இழப்பு அம்பாறை மாவட்டத்துக்கு. 10,000க்கு மேற்பட்டோர் அங்கு மட்டும் இறந்தனர்.

எங்கள் வகுப்புத் தோழியரில் சிலர் அப்போது மருத்துவ மாணவிகள். சிலர் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள். அன்றும் அடுத்த நாட்களிலும் பிரேத அறை வாசல்களில் கொப்பித் தாள்களில் பட்டியல் எழுதினோம். பெயர் தெரிந்தால் பெயர், ஊர், உத்தேச வயது, அணிந்திருந்த உடுப்பின் நிறம். மாலையில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகையாகச் சொன்னோம். அந்தத் தாள்களில் பெண் பெயர்கள் கூடுதலாக இருந்தன. எழுதிய கை அதை அறிந்திருந்தது. ஆனால் பிரித்துக் கூட்டவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கொழும்பில் அந்த நூல் வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஐந்து வருடம் மருத்துவம் படித்த எமக்கு அதைப்பற்றி எவரும் சொல்லித்தரவில்லை. நாமும் தேடி வாசித்திருக்கவில்லை.

பிரித்து எண்ணியவர்கள் இருந்தார்கள். யப்பானிய ஆய்வாளர் நிஷிகியோரி தலைமையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சமத் தர்மரத்ன உள்ளிட்ட குழுவொன்று அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரின் விபரங்களைச் சேகரித்தது. முடிவுகள் 2006இல் வெளிவந்தன. மொத்தத்தில் நூற்றுக்கு 12.9 பேர் இறந்திருந்தனர். ஆண்களில் 8.2 வீதம், பெண்களில் 17.5 வீதம். இருபதுகளில் இருந்தவர்களில் 7.4 வீதம் இறந்திருக்க, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8 வீதம் இறந்திருந்தனர். அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரியவந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று எமது வாசகியருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆழ்கடலில் சுனாமி அலை உயர்ந்து எழுவதில்லை. தோணிக்குக் கீழே தெரியாமலே கடந்துபோகும். கரைக்கு வந்த பின்னரே மலையாக எழும். அதனால் தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த கணவன் தப்பினான். அடுப்படியில் நின்ற மனைவி போனாள்.

2005 மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை இதே கதையை மற்றக் கரைகளிலிருந்தும் சொன்னது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் 146 ஆண்கள் இறந்த இடத்தில் 391 பெண்கள் இறந்திருந்தனர். அந்த அறிக்கையில் இலங்கை பற்றிய ஒரு குறிப்பும் இருந்தது. இங்கே நீந்துவதும் மரம் ஏறுவதும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே கற்பிக்கப்படுகின்றன என்பது அது. 1970இல் நெஞ்சில் காயத்தோடு தப்பியவர்களை நினைத்துக்கொண்டு அதை வாசித்தோம்.

யாருடைய வீடு?

உயிரிழப்போடு கதை முடியவில்லை. அரசாங்கம் கரையோரத்தில் ஒதுக்கு வலயத்தை அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் இருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு வழங்கும் திட்டங்கள் வந்தன. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கூடு. பெரும்பாலும் அதில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. உறுதியும் அவர் பெயருக்கே போனது.

வேறு மாகாணத்தில் இது வழமையான விடயமாக இருக்கலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது எங்கள் வழமையைத் தலைகீழாக்கியது. இங்கே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு மகளுக்கு உரியது. தாய் தன் சீதன வீட்டை மகளுக்குக் கொடுத்து, தான் பக்கத்தில் சிறிய வீடு கட்டிக்கொள்வாள். மருமகன்தான் வந்து குடியிருப்பான். கலியாண வீட்டில் எத்தனை சண்டை வந்தாலும் இரவில் வெளியே போகவேண்டியவள் பெண் அல்ல. அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்ஸும், சுனாமி வீடுகளை இம்மக்கள் எவ்வாறு சீதன வழமையோடு பொருத்திக்கொள்ள முயன்றார்கள் என்று 2010இல் எழுதினார்கள். அலையில் தன் தாய்வழி வீட்டை இழந்த பெண், நிவாரணத்தில் இரண்டாம் முறையும் அதை இழக்கக்கூடும் என்பதைக் கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே சொல்லின. கூட்டு உரித்து வேண்டும் என்று கேட்டன. அனர்த்தத்துக்குப் பின்வரும் ஒவ்வொரு படிவத்தையும் பெண்ணின் கண்ணால் வாசிக்கவேண்டும் என்று 2003இல் எழுதப்பட்டதன் பொருள் எமக்கு அப்போதுதான் விளங்கியது.

மாறியதும் மாறாததும்

நல்லவையும் நடந்தன. 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது; அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இந்து சமுத்திர எச்சரிக்கை முறைமை ஏற்பட்டது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் நிலம் நடுங்கியபோது எமது கரைக்கு எச்சரிக்கை வந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். அலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சிரித்தார்கள். அந்த ஓட்டத்தை நாம் வீண் என்று நினைக்கவில்லை. 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கட்டமைப்பு, அனர்த்தத் தரவுகளைப் பால், வயது, வலுவிழப்பு என்று பிரித்துத் திரட்டும்படி கேட்கிறது. சோமரும் மோஸ்லியும் செய்தது இப்போது எல்லா அரசாங்கங்களுக்கும் கடமை.

முடியும் என்பதற்கு வங்காளதேசமே சான்று. 1970இல் இலட்சக்கணக்கில் இழந்த நாடு, 2007இல் சிடர் சூறாவளியில் ஏறத்தாழ 3,400 பேரை இழந்தது. 2020இல் அம்பான் வந்தபோது அங்கே இறந்தோர் நூற்றுக்கும் குறைவு. புயல்கள் சிறுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் உருவான சூறாவளி ஆயத்தத் திட்டத்தில் இன்று 76,000க்கு மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கை இப்போது சந்தையோடு நிற்பதில்லை. ஒரு பெண் வந்து இன்னொரு பெண்ணின் கதவைத் தட்டுகிறாள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

எமது பாடசாலை கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் அங்கே படித்தோம். தையல் கற்றோம், பண்ணிசை கற்றோம், நெற்போல் ஆடினோம். நீந்தக் கற்கவில்லை. வளவிலிருந்த மாமரத்தில் ஏறியதற்காக மதிய இடைவேளை முழுவதும் முழங்காலில் நின்றவர்கள் இந்த மலரை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். எம் ஆசிரியைகள்மேல் எமக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பை எமக்குத் தந்தார்கள். அந்தப் பாதுகாப்பு தண்ணீருக்கு முன் நிற்காது என்பதை அவர்களும் எம்மோடு சேர்ந்துதான் 2004இல் கற்றார்கள். அன்று போனவர்களில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களும் உண்டு.

உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகள் நூற்றாண்டு நிதிக்கு வாரி வழங்கியிருக்கிறீர்கள். மண்டபத்துக்குப் புதிய கூரையும் மேடைத் திரையும் வரப்போகின்றன, மகிழ்ச்சி. அந்த நிதியில் ஒரு பங்கை மூன்று காரியங்களுக்கு ஒதுக்குமாறு சங்கத்தைக் கேட்கிறோம். ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் பத்தாம் வகுப்பை விட்டுப் போகுமுன் நீந்தக் கற்றிருக்க வேண்டும். பெண் பயிற்றுநரும் ஏற்ற உடையும் இருந்தால் தாய்மார் மறுக்கமாட்டார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26 நினைவு நிகழ்வில் விளக்கேற்றுவதோடு வெளியேறும் ஒத்திகையும் நடக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை யார் தள்ளுவது என்பதும் அதில் தீர்மானிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பாடசாலை நூலகத்தில் இத்துறை நூல்களுக்கு ஓர் அலுமாரி. ஆரியபந்துவும் விக்கிரமசிங்கவும் எழுதிய நூலை நாம் காலந்தாழ்த்தி வாசித்தோம். எமக்குப் பின் வருபவர்கள் பதினாறு வயதில் வாசிக்கட்டும்.

அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகிற பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. கடல் மறுபடி வராது என்று அவளுக்கு எவராலும் உறுதி கொடுக்க முடியாது. வந்தால் அவள் மரத்தைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். பிறகு பட்டியல் எழுதும் கொப்பி அவள் கைக்கு வந்தால், பிரித்து எண்ணவும் தெரிந்தவளாக இருக்க வேண்டும்.